இடி விழுந்த தென்னையில் ஒரு குடும்பம்: வீட்டருகே வாழும் ஆந்தைக் குஞ்சுகளைக் கவனிக்க முழு வழிகாட்டி

எங்கள் கொல்லையில் ஒரு தென்னை இருக்கிறது. தென்னை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். இடி விழுந்து தலை போய் நாலு வருடம் ஆகிறது, இப்போது வெறும் கம்பம். வெட்டுவதற்கு ஆள் சொல்லி, கூலி பேசி, அவர் அரிவாளும் கயிறுமாக வந்து நின்ற காலையில்தான், உச்சிக்கு இரண்டடி கீழே மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன ஓட்டையிலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. எங்களைப் பார்த்து மேலும் கீழுமாக ஆடியது. "ஆந்தை இருக்கு சார், நான் கை வைக்க மாட்டேன்" என்று அவரே சொல்லிவிட்டார். அவர் பயந்தது வேறு காரணத்துக்கு. எப்படியோ, மரம் தப்பியது.

அதற்குப் பிறகு மூன்று பருவமாக அந்தக் குடும்பத்தைப் பார்த்து வருகிறேன். முதல் வருடம் செய்ததில் பாதி தப்பு. அந்தத் தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், இருப்பது யார்?

நம் பக்கம் வீட்டை ஒட்டிக் குஞ்சு பொரிக்கும் ஆந்தை என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான்.

ஒன்று புள்ளி ஆந்தை. மைனா அளவு, சுமார் 21 செ.மீ. சாம்பல் கலந்த பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், மஞ்சள் கண், அதற்கு மேல் வெள்ளைப் புருவம். பகலிலும் பொந்து வாசலில் உட்கார்ந்து அரைக்கண் மூடி வெயில் காயும். சாக்குருவி என்று ஊரில் திட்டு வாங்குவது பெரும்பாலும் இதுதான்.

மற்றது கூகை. காக்கையைவிடச் சற்றுச் சிறியது. வெள்ளை வெளேரென்று இதய வடிவ முகம், கறுத்த கண்கள். கோயில் கோபுரம், ஆளில்லாத வீட்டின் பரண், பாதியில் நின்றுபோன கட்டடம் என்று இடம் பார்க்கும். இதன் குஞ்சுகள் இரவெல்லாம் 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்துச் சீறும். பரணில் பாம்பு என்று நினைத்துத் தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டவர்கள் உண்டு. பார்ப்பதற்கும் வெண்பஞ்சும் நீள முகமுமாக விநோதமாக இருக்கும். 2017-இல் விசாகப்பட்டினத்துக் கூகைக் குஞ்சுகளின் வீடியோ 'வேற்றுக்கிரகவாசிகள்' என்று உலகம் சுற்றியது நினைவிருக்கலாம்.

யார் என்று தெரிந்துகொள்வது பெயருக்காக மட்டும் இல்லை, நாள் கணக்குக்காகவும்தான். புள்ளி ஆந்தைக் குஞ்சு மூன்று, நாலு வாரத்தில் பொந்தை விட்டு வெளியே வந்துவிடும். கூகைக் குஞ்சுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். "இன்னும் பறக்கவில்லையே, நோயோ?" என்று கவலைப்படுமுன் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இனி நான் சொல்லப்போவது புள்ளி ஆந்தையைப் பற்றி. பொறுமையும் தூரமும் கூகைக்கும் அதேதான்.

பொந்தைத் தரையிலிருந்தே கண்டுபிடியுங்கள்

ஆந்தை கூடு கட்டாது. வேம்பு, புளி, தூங்குமூஞ்சி போன்ற வயதான மரங்களின் பொந்து, மொட்டைப் பனை, மொட்டைத் தென்னை, பழைய சுவரின் ஓட்டை என்று ஏற்கெனவே இருப்பதில் குடியேறும். இதே ஓட்டைகளுக்குக் கிளியும் மைனாவும் போட்டிக்கு வரும். டிசம்பரில் எங்கள் தென்னையைச் சுற்றி நடக்கும் சண்டை தனிக் கதை.

மேலே பார்ப்பதைவிடக் கீழே பார்ப்பது லாபம். தண்டில் சுண்ணாம்பு வழிந்தது போல எச்சம், அடியில் சுண்டுவிரல் கணு அளவு உருண்டைகள். செரிக்காத எலும்பு, எலி முடி, வண்டின் ஓடு எல்லாவற்றையும் ஆந்தை இப்படி உருட்டிக் கக்கிவிடும். கையுறை போட்டு எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, வெள்ளைத் தாளில் வைத்துக் குச்சியால் பிரித்துப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கணக்கில் பாதிக்கு மேல் வண்டும் வெட்டுக்கிளியும், ஒன்றில் ஒரு சுண்டெலியின் கீழ்த்தாடை பல்லோடு. பிரித்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இன்னொரு துப்பு, சத்தம். பட்டப்பகலில் அணில், மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் ஒரே கிளையைப் பார்த்துக் கத்தினால், அங்கே பாம்போ பூனையோ ஆந்தையோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பொந்து இருக்கும் இடம் தெரிந்த பிறகு செய்யக்கூடாத ஒரே காரியம், ஏணி போட்டு உள்ளே பார்ப்பது. கம்பு நுனியில் செல்போனைக் கட்டி உள்ளே விட்டு வீடியோ எடுப்பதும் அதேதான். அடைகாக்கும் சமயத்தில் பயந்து வெளியேறும் பறவை உடனே திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முட்டையில் என்ன இருக்கிறது என்று தெரிந்து நமக்கு ஆகப்போவதும் ஒன்றும் இல்லை.

உட்காரும் இடம்

முதல் வருடம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நேராக மரத்தடிக்குப் போனேன். இரண்டு மாலை ஒன்றும் நடக்கவில்லை. பெரியது ஒன்று மின்கம்பியில் உட்கார்ந்து, வாயில் ஏதோ பூச்சியோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள்தான் உறைத்தது: அது என்னைப் பார்க்கவில்லை, நான் எழுந்து போவதற்காகக் காத்திருக்கிறது. உள்ளே குஞ்சு பசியோடு இருந்திருக்கிறது.

குறைந்தது 15 மீட்டர் தள்ளி உட்காருங்கள். ஒரு பஸ்ஸின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட. அவ்வளவு இடம் இல்லாத வீடா? அப்படியானால் இன்னும் நல்லது, வீட்டுக்குள்ளிருந்தே பாருங்கள். ஜன்னல், மாடிப்படி வளைவு, சமையலறைக் கம்பிக்கதவு எல்லாம் காட்டில் கட்டும் மறைவிடத்துக்குச் சமம். உள்ளே விளக்கை அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

தினமும் ஒரே இடம், ஒரே நேரம். எங்கள் கொல்லையில் துணி காயப்போடும் கொடி அந்தத் தென்னைக்குப் பக்கத்திலேயே போகிறது. காற்றில் வேட்டி படபடவென்று அடித்தாலும் ஆந்தை திரும்பிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் வேட்டி தினமும் அங்கேதான் இருக்கிறது. நாமும் அந்த வேட்டி அளவுக்கு அலுத்துப்போக வேண்டும். எனக்கு அதற்கு ஒன்பது நாள் ஆயிற்று.

நீங்கள் இருப்பது தொந்தரவா என்பதை அதுவே சொல்லும். உங்களை நோக்கித் தலையை மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டினால் உங்களை அளக்கிறது. ஆந்தையின் கண் குழிக்குள் அசையாது. அதனால் தூரத்தைக் கணிக்க முழுத் தலையையும் நகர்த்திப் பார்க்கிறது. ஒரு தடவை ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பினால் சரி. ஆட்டிக்கொண்டே இருந்தாலோ, 'கிர்ர்ர் கிர்ர்ர்' என்று கத்தத் தொடங்கினாலோ பின்வாங்குங்கள். இரையை வாயில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உள்ளே போகாமல் நின்றால், அன்றைய பார்வை முடிந்தது. எழுந்து உள்ளே போய்விடுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம்

தமிழ்நாட்டில் புள்ளி ஆந்தைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை குடும்பக் காலம். முதலில் ஜோடி. கிளையில் ஒட்டி உட்கார்ந்து ஒன்றின் தலையை மற்றது கோதிவிடும், அலகோடு அலகு பிடிக்கும். பிறகு ஒன்று காணாமல் போகும். உள்ளே அடை காக்கிறது என்று பொருள். வழக்கமாக மூன்று, நாலு வெள்ளை முட்டைகள். கிட்டத்தட்ட ஒரு மாதம் எதுவும் நடக்காதது போலத் தோன்றும். அப்போது பார்ப்பதை விட்டுவிடாதீர்கள், உங்களைப் பழக்கப்படுத்த அதுதான் நல்ல மாதம்.

முதல் முட்டை இட்ட உடனே அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிக்காது. பின்னால் வாசலில் தலைகள் தெரியும்போது ஒன்று பெரிதாகவும் ஒன்று பாதியாகவும் இருக்கும். கடைசிக் குட்டி நோஞ்சான் என்று பதற வேண்டாம், அது வயதில் இளையது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எல்லாம் பிழைப்பதில்லை. இரை குறைந்தால் பெரியதற்குத்தான் முதலில் கிடைக்கும். நாலு பொரித்து ஒன்றோ இரண்டோ மட்டும் வெளியே வருவது வழக்கம். இரண்டாம் வருடம் நாங்கள் மூன்று தலை எண்ணினோம், வெளியே வந்தது இரண்டு.

நேரம் என்றால் அந்தி. சூரியன் மறைவதற்குக் கால்மணி முன்னால் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் இருங்கள். பெரியவை முதலில் பொந்து வாசலில் சோம்பல் முறிக்கும்: ஒரு இறக்கை, அதே பக்கத்துக் கால், பிறகு மறுபக்கம். அப்புறம் தெருவிளக்குக் கம்பத்துக்குப் போகும். விளக்கைச் சுற்றும் வண்டும் அந்துப்பூச்சியும்தான் குஞ்சுகளுக்கு ஆரம்பகாலச் சாப்பாடு, வளர வளர எலியும் பல்லியும் வரும். ஒரு மாலை நாற்பது நிமிடத்தில் பதினொரு முறை வந்து போனதை எண்ணினேன். குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்துவிட்டால், காற்றுப் போன பந்தை அமுக்குவது போன்ற சத்தம் பொந்திலிருந்து கேட்கும். இரை வரும்போது அது வேகமெடுக்கும்.

விடியற்காலை ஐந்தரை முதல் ஆறரை வரையும் நல்ல நேரம்தான். எழ முடிந்தவர்கள் எழுங்கள். நான் பாதி நாள் எழுந்ததில்லை.

வெளிச்சமும் கருவியும்

8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்கண்ணாடி உள்ள பைனாகுலர் போதும். மங்கிய ஒளியில் இதற்குமேல் பெரிதாக்கும் சக்தி கைநடுக்கத்தைத்தான் பெரிதாக்கும். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

டார்ச் அடிக்காதீர்கள், பிளாஷ் போடாதீர்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணில் திடீரென்று வெளிச்சம் விழுந்தால் சற்று நேரத்துக்கு அதற்கு எதுவும் சரியாகத் தெரியாது. அந்த நேரத்தில் பறந்தால் கம்பியிலோ சுவரிலோ மோதலாம். தெருவிளக்கு வெளிச்சமே நமக்குப் போதும். நடந்துபோக விளக்கு வேண்டுமென்றால் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றித் தரையை நோக்கிப் பிடியுங்கள்.

செல்போனில் ஆந்தைக் குரலை ஓடவிட்டு வரவழைப்பதையும் விட்டுவிடுங்கள். வேறு ஆந்தை எல்லைக்குள் வந்துவிட்டது என்று அது இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். உங்களுக்கு ஒரு போட்டோ, குஞ்சுக்கு ஒரு வேளைப் பட்டினி.

வெளியே வரும் வாரம்

இதுதான் எல்லாவற்றிலும் உச்சம். மற்ற வேலையை ஒதுக்கி வைக்க முடிந்தால் இந்த வாரத்தில் வையுங்கள்.

முதலில் வாசலில் ஒரு முகம். பெரியதைப் போலவே இருக்கும், ஆனால் புள்ளிகள் மங்கலாக, நெற்றியில் பஞ்சு ஒட்டினாற்போல. எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டும்: அணில், விமானம், பறக்கும் பிளாஸ்டிக் பை. ஒரு குஞ்சு எங்கள் வேட்டியையே கால்மணி நேரம் அளந்தது. இரண்டு, மூன்று நாளில் பாதி உடம்பு வெளியே வரும். பெரியவை இரையை உள்ளே கொண்டுபோய்க் கொடுக்காமல் எதிர்க்கிளையில் வைத்துக்கொண்டு கூப்பிடத் தொடங்கும்.

பிறகு ஒரு மாலை, அது வெளியே இருக்கும். பறந்து வந்தது என்று நினைப்போம். பெரும்பாலும் இல்லை. பாதி குதி, பாதி விழுகை. இந்த வயதில் அதற்குப் பறக்கத் தெரிவதைவிட ஏறத் தெரியும். நகத்தால் பற்றி, அலகால் கவ்வி, இறக்கையை அடித்து அடித்து மரப்பட்டையில் மேலே ஏறிவிடும். வேப்பமரத்துப் பொந்தென்றால் பக்கத்திலேயே கிளை இருக்கும். எங்கள் தென்னையில் கிளையே கிடையாது, அடுத்த பிடிமானம் நாலு மீட்டர் தள்ளி இருக்கும் பூவரசு. அதனால் விழுவது அதிகம். இரண்டாம் வருடம் முதல், ஜனவரியிலேயே, சொரசொரப்பான காய்ந்த கிளை ஒன்றைப் பூவரசின் மேல் சாய்த்து வைத்துவிடுகிறேன். குஞ்சு வெளியே வந்த பிறகு வைப்பதில் பலன் இல்லை, அப்போது நாம் அருகில் போவதே தொந்தரவு. சாய்த்த கிளையில் அது தத்தித் தத்தி ஏறியதை மாடிப்படியிலிருந்து பார்த்த மாலை, இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்குத்தான்.

தரையில் குஞ்சு கிடந்தால்

முதல் வருடம் மார்ச்சில், காலை ஏழு மணிக்கு, துவைக்கும் கல்லுக்கு அருகே ஒன்று உட்கார்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, உப்பிக்கொண்டு. பாவம் என்று துண்டில் சுற்றி உள்ளே கொண்டுவந்து, அட்டைப் பெட்டியில் வைத்து, இங்க் பில்லரில் பால் கொடுக்கப் பார்த்தேன். அலகைத் திறக்கவில்லை. நல்ல வேளை. அன்று இரவு முழுக்கப் பெரியவை இரண்டும் மின்கம்பியில் உட்கார்ந்து கத்தின. காப்பாற்றியதாக நினைத்தவன் செய்தது கடத்தல். மறுநாள் விடியுமுன் பூவரசுக் கிளையில் கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். பத்து நிமிடத்தில் வெட்டுக்கிளியோடு ஒன்று வந்தது. தாயா தகப்பனா என்று சொல்ல முடியாது, இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

ஆகவே, வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தொடாதீர்கள். பத்தடி தள்ளி நின்று பாருங்கள். இரத்தம், தொங்கும் இறக்கை, மேலே மொய்க்கும் ஈ, இவற்றில் எதுவும் இருக்கிறதா? பூனை வாயில் பட்டதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அதற்கு மருத்துவம் வேண்டும். பூனைக்கடி சின்னதாகத் தெரிந்தாலும் கிருமி உள்ளே போய்விடும், 'பார்க்கலாம்' என்று விடக்கூடாது.

காயம் இல்லை, உடம்பில் இறகு வந்திருக்கிறது, நிமிர்ந்து நிற்கிறது, அருகில் போனால் அலகைச் சொடுக்குகிறது என்றால் அது நலமாக இருக்கிறது. நாயையும் பூனையையும் குழந்தைகளையும் அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வதே உங்கள் வேலை. பகலென்றால் காக்கையும் ஒரு தொல்லை. பகலில் ஆந்தையைக் காக்கை வெல்லும் என்பது நம் ஆட்கள் அந்தக் காலத்திலேயே கண்ட செய்திதான். இடம் ஆபத்தாக இருந்தால் துண்டைப் போர்த்தி மெதுவாகத் தூக்கி, பொந்துக்கு அருகிலேயே, இலை அடர்ந்த கிளையில் தலைக்கு மேல் உயரத்தில் வைத்துவிட்டு நகருங்கள். நகம் கூர்மை, துண்டு இல்லாமல் எடுக்காதீர்கள். மனிதன் தொட்டால் தாய் சேர்க்காது என்பது கதை. பயப்படாமல் வையுங்கள்.

வெறும் பஞ்சும் தோலுமாக, நிற்க முடியாமல் கிடந்தால் அது வெளியே வரும் வயது இல்லை. எட்டும் உயரமென்றால் பொந்திலேயே திரும்ப விடலாம். எட்டாதென்றால், அடியில் ஓட்டை போட்ட கூடையில் காய்ந்த சருகு பரப்பி, அதே மரத்தில் முடிந்த உயரத்தில் கட்டி, அதில் வையுங்கள். இருட்டும்வரை ஜன்னலிலிருந்து கவனியுங்கள். சத்தம் கேட்டுப் பெரியவை தேடி வந்துவிடும். இருட்டி வெகுநேரமாகியும் வராவிட்டால்தான் அடுத்த ஏற்பாடு.

அடுத்த ஏற்பாடு என்பது வனத்துறை. மாவட்ட வன அலுவலகத்துக்கோ வனச்சரகர் அலுவலகத்துக்கோ பேசுங்கள். சென்னையில் புளூ கிராஸ் போன்ற விலங்கு நல அமைப்புகளும் இருக்கின்றன. எண்ணை இப்போதே தேடிக் குறித்து வையுங்கள். காத்திருக்கும் நேரத்தில் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டி, அடியில் துணி, இருட்டு, அமைதி. பால், சோறு, ரொட்டி எதுவும் வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். "நாமே வளர்த்தால் என்ன?" என்று வீட்டில் பிள்ளைகள் கேட்பார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி ஆந்தையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்று சொல்லிவிடுங்கள். அதைவிடப் பெரிய காரணம், இரை பிடிக்க நம்மால் அதற்குச் சொல்லித்தர முடியாது.

வீட்டில் மாற்ற வேண்டியவை

எலி விஷக் கட்டியை நிறுத்துங்கள். கடையில் கிடைக்கும் புரோமாடியோலோன் போன்றவை எலியை உடனே கொல்லாது. உள்ளுக்குள் இரத்தம் கசிந்து, சில நாள் தள்ளாடித்தான் எலி சாகும். தள்ளாடும் எலிதான் ஆந்தைக்குச் சுலபமான இரை, விஷமும் கூடவே போகும். கூண்டு வையுங்கள். ஒட்டும் அட்டையை வெளியில் வைக்கவே கூடாது, அதில் துடிக்கும் பூச்சியைப் பிடிக்க வரும் ஆந்தையும் ஒட்டிக்கொள்ளும்.

சம்ப், டிரம், தொட்டி எல்லாவற்றையும் மூடுங்கள். நேராக நிற்கும் திறந்த பைப்பின் வாயையும் அடையுங்கள். விழுந்த குஞ்சு வழவழப்பான சுவரில் ஏற முடியாது. குஞ்சுகள் வெளியே வரும் அந்த ஒரு மாதம் பூனையை மாலை ஐந்து மணிக்கு மேல் வெளியே விடாதீர்கள். மரத்தில் சிக்கிய பட்டம் நூலைப் பருவத்துக்கு முன்பே அறுத்து எடுங்கள். மின்கம்பிக்காகக் கிளை கழிக்க ஆள் வந்தால், ஏப்ரல் முடியட்டும் என்று கேட்டுப் பாருங்கள். கேட்டால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

அக்கம்பக்கமும் முக்கியம். பின்வீட்டு ஆச்சிக்கு அது கத்தினால் யாராவது போய்விடுவார்கள் என்று கவலை. வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஒரு நாள் அவர் வீட்டு எலித் தொல்லையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, காய்ந்த உருண்டை ஒன்றைப் பிரித்து உள்ளே இருந்த எலி எலும்பைக் காட்டினேன். "அப்போ இது நம்ம எலிதானா?" என்றார். இப்போது அவர்தான் எனக்குச் செய்தி சொல்கிறார்: "தம்பி, இன்னிக்கு மூணு தலை."

எழுதி வையுங்கள், இடத்தைச் சொல்லாதீர்கள்

தேதி, நேரம், எத்தனை தலை, என்ன இரை, எத்தனை முறை. இவ்வளவு போதும். இரண்டாம் வருடம் அந்த நோட்டைப் புரட்டினால் எந்த வாரத்தில் கிளை சாய்க்க வேண்டும், எந்த வாரத்தில் பூனையை அடைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு சரியாக இந்தப் பருவத்தில்தான் வருகிறது. பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான இ-பேர்டில் உங்கள் கொல்லைக் கணக்கையும் சேர்க்கலாம். ஆனால் பொந்து இருக்கும் இடம் தெரியும் படத்தையோ தெருப் பெயரையோ வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். மாந்திரீகத்துக்கென்று ஆந்தை பிடிக்கும் கூட்டம் இன்னும் இருக்கிறது, தீபாவளி சமயத்தில் அதிகம். அவ்வளவு போக வேண்டாம், கேமராவோடு பத்துப் பேர் வாசலில் நின்றாலே போதும், பெரியவை இரையோடு கம்பியிலேயே நின்றுவிடும்.

வெளியே வந்த குஞ்சுகள் உடனே ஊரை விட்டுப் போகாது. சில வாரம் பெரியவையோடு சேர்ந்து ஒரே கிளையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், இரவில் தெருவிளக்கடியில் பெரியவையைப் பார்த்து வண்டு பிடிக்கப் பழகும். முதல் பத்துத் தடவை தவறவிடும். பிறகு ஒவ்வொன்றாகக் குறையும். எங்கள் நோட்டில் போன வருடக் கடைசி வரி மே 19: "பூவரசில் ஒன்று மட்டும். வண்டைத் தானே பிடித்தது." பொந்தைச் சுத்தம் செய்யவில்லை, அடைக்கவும் இல்லை. தென்னைக்கு அடியில் கொஞ்சம் செல்லரித்திருக்கிறது, மழைக்கு முன் இரும்புக் கம்பி ஒன்றை முட்டுக்கொடுக்க வேண்டும்.